நம்பர் அக்கா எழுதாத ஏழு

மண்ணைத் தோண்டி எடுத்த பானை ஓட்டின் மேல் எண் எழுதுவது எப்படி என்று நம்பர் அக்காவிடம் கேட்டால், முதலில் "ஃபேனை நிறுத்து" என்பாள். தகரக் கூரை போட்ட அறை அது. கோடையில் உள்ளே உட்கார்ந்தால் அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். இருந்தாலும் அவள் மேசையில் ஓடுகள் பரப்பியிருக்கும் நேரத்தில் ஃபேன் சுற்றக் கூடாது. அட்டைகள் பறந்துவிடும். அடுத்து, ஓட்டின் உள்பக்கம், கண்ணில் படாத ஒரு மூலையில் நிறமில்லாத நகப்பூச்சைக் கொஞ்சம் தடவுவாள். அது காய்ந்ததும் மெல்லிய நிப்பால் கறுப்பு மையில் மூன்று எண்கள் எழுதுவாள்: எந்தக் குழி, எந்த அடுக்கு, எத்தனையாவது ஓடு. மை காய்ந்ததும் மேலே இன்னொரு பூச்சு. இருபத்திரண்டு வருஷம் அவள் வேலை இதுவாகத்தான் இருந்தது.

நகப்பூச்சு விற்கும் கடைக்காரருக்கு முதல் வருஷம் இது விளங்கவே இல்லை. "ஏம்மா, வாரத்துக்கு அஞ்சு பாட்டில் வாங்குறீங்களே, உங்களுக்கு எத்தனை விரலும்மா?" என்று கேட்டாராம்.

"எனக்குப் பத்துதான். என்கிட்ட வர்றவங்களுக்குக் கையும் இல்ல, காலும் இல்ல. எல்லாரும் உடைஞ்சவங்க" என்றிருக்கிறாள்.

அவள் நகங்களில் ஒரு நாளும் பூச்சு பார்த்ததில்லை. இரண்டு அடி தள்ளி, அடுத்த மேசையில் உட்கார்ந்து, அவள் எண் போட்டுத் தருகிற ஓடுகளைப் படம் வரைகிறவன் நான். நான்கு வருஷம் பக்கத்திலிருந்து பார்த்ததையும், அவளே நடித்துக் காட்டியதையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

அறைக்கு வெளியே முற்றம். முற்றத்துக்கு அந்தப் பக்கம் பாறை. இரண்டு கூட்டம் தொழுகிற ஒரே பாறை. மேல்வாசல் வழியாக வருகிறவர்கள் மேல்வாசல்காரர்கள், கீழ்வாசல் வழியாக வருகிறவர்கள் கீழ்வாசல்காரர்கள். காலை இவர்களுக்கு, மாலை அவர்களுக்கு. கால் கழுவும் குழாய்கூட ஒன்றுதான்; செருப்பு அலமாரி மட்டும் இரண்டு. யார் முதலில் வந்தது என்பதுதான் வழக்கு. தோண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று ஒரு நீதிபதி தீர்ப்பெழுதினார். தோண்டினால் சண்டை அடங்கும் என்று நம்பிய அந்த மனிதர் ஓய்வுபெற்று எங்கேயோ தோட்டம் வைத்திருக்கிறாராம். செடியாவது நிம்மதியாக வளரட்டும்.

மண் அடுக்கடுக்காகத்தான் இருக்கும். மேலே இருப்பது நேற்றையது. கீழே போகப் போகப் பழையது. எங்கள் குழிகளில் முதல் அடுக்கு முழுக்க பாட்டில் மூடியும் பிளாஸ்டிக்கும். இரண்டாவது அடுக்கு சில நூறு வருஷம். ஏழாவதுதான் கடைசி, அதற்குக் கீழே வெறும் பாறை. ஏழாவது அடுக்கில் யாருடைய பொருள் கிடைக்கிறதோ அவர்கள்தான் முதலில் வந்தவர்கள். ஆகவே அக்கா எழுதுகிற மூன்று எண்களில் நடு எண்ணுக்குத்தான் விலை. அந்த எண்ணை மட்டும் ஓட்டைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. தோண்டி எடுக்கும்போதே குழியும் அடுக்கும் குறித்து, கூடவே வந்த அட்டைதான் சாட்சி. அட்டையைக் கையில் பிடிக்காமல் அக்கா நிப்பைத் தொட மாட்டாள். அட்டை தொலைந்தாலோ கலந்தாலோ அந்த ஓட்டுக்கு நடுவில் ஒரு பூஜ்யம். எவ்வளவு அழகான ஓடாக இருந்தாலும் சரி, பூஜ்யம்தான். நான் சேர்ந்த புதிதில் மயில் கழுத்து நிறத்தில் ஒரு கண்ணாடித் துண்டு அட்டையில்லாமல் வந்தது. எப்படியாவது ஓர் அடுக்கில் சேர்க்கலாமே என்று கெஞ்சினேன்.

"அழகா இருக்குன்னு ஒரு பிள்ளைக்கு அப்பன் பேரை நாமளா எழுத முடியுமா தம்பி?" என்றாள். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

அவள் கீழ்வாசல்காரி. அவள் அப்பா கீழ்வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுத்தவர். பத்தொன்பது வயதில் குழியில் மண் கூடை சுமக்க வந்தாள். இரண்டாவது மாதம், பெண்களுக்கான கழிப்பறைக்குக் கதவு இல்லை என்று எல்லாருக்குமாகச் சேர்த்து ஒரு மனு எழுதிக் கொடுத்தாள். அப்போதிருந்த அதிகாரி மனுவைப் படித்தாரோ இல்லையோ, கையெழுத்தைப் பார்த்தார். "மேசை மறுநாளே வந்துச்சு. கதவு வர ஆறு மாசம் ஆச்சு" என்று இன்றைக்கும் சொல்வாள், கோபம் ஆறாமல். கல்யாணம், ஒரு மகள், அப்பாவின் சாவு எல்லாம் அந்த மேசைக்கு வந்த பிறகுதான். அப்பா போனதும் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர் அவள் அண்ணன். வாளி, குடம், நாற்காலி விற்கும் பிளாஸ்டிக் கடை வைத்திருக்கிறார். தங்கைக்குக் கல்யாணம் செய்து வைத்து, தன் வீட்டு மாடியையும் அவளுக்கே விட்டுக்கொடுத்தவர். நல்ல மனிதர் என்றுதான் இந்த விவகாரம் வரை நானும் நினைத்திருந்தேன். கீழ்வாசல் கமிட்டியின் செயலாளரும் அவர்தான்.

நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. தேர்தலுக்கு இரண்டு மாதம் இருந்தது. அமைச்சர் குழிகளைப் பார்க்க வருவதாகத் தகவல்.

கழுவிய ஓடுகளை முற்றத்துச் சுவரோரம் சல்லடைத் தட்டுகளில் பரப்பிக் காயவைப்பது வழக்கம். ஒவ்வொரு தட்டின் மேலும் அதன் அட்டை. காற்றுக்குப் பறக்காமல் அட்டையின் மேல் ஒரு கல். அன்றைக்கு எட்டுத் தட்டுகள் வெளியே இருந்தன. அவற்றில் ஒன்று முந்தின நாள் கழுவிய இரண்டாம் அடுக்கு. இன்னொன்று அன்று காலைதான் கழுவிய ஏழாம் அடுக்கு, ஈரம் சொட்டச் சொட்ட.

"தட்டை உள்ள வச்சிட்டு வர்றேன் சார்" என்றாள் அக்கா.

எங்கள் இயக்குநருக்கு வெயிலோ மழையோ தலையில் தொப்பி இருக்கும். அதனால் தொப்பி சார். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா. வேலை நடக்குற மாதிரி தெரியணும். முதல்ல வாசல்ல வந்து நில்லுங்க எல்லாரும்" என்றார். நின்றோம். படம் வரைபவன், எண் எழுதுபவள், கூடை சுமப்பவர்கள், காவலாளி எல்லாரும் வரிசையாக ஒன்றரை மணி நேரம் வாசலில் நின்றோம். அக்காவின் கையில் ஒரு பூங்கொத்தைத் திணித்திருந்தார்கள்.

அமைச்சர் வந்தார், கையசைத்தார், எந்தக் குழிக்குள்ளும் இறங்காமல் எல்லாக் குழிகளையும் பார்த்தார், போனார்.

திரும்பி வந்து பார்த்தால் தட்டுகள் சுவரோரம் இல்லை. மரத்தடியில் இருந்தன. அமைச்சருக்குப் பின்னால் குழி தெரிய வேண்டும், தட்டு மறைக்கிறது என்று படமெடுக்க வந்த ஆட்கள் தூக்கி மாற்றியிருக்கிறார்கள். அட்டைகள் ஒழுங்காகத்தான் இருந்தன, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல். அக்கா குனிந்து இரண்டாம் அடுக்குத் தட்டில் விரலை வைத்தாள். ஓர் ஓடு காய்ந்திருந்தது. பக்கத்து ஓடு ஈரம். அதற்கடுத்தது காய்ந்தது. அப்புறம் இரண்டு ஈரம்.

"கவுத்துட்டு அள்ளிப் போட்டிருக்கானுங்க" என்றாள். அவள் குரல் அவ்வளவு மெல்லியதாக வந்து நான் கேட்டதில்லை.

ஈரத்தை வைத்தாவது பிரிக்கப் பார்த்தாள். ஆனால் மரத்தடியில் வெயில் சல்லடை மாதிரி விழுந்துகொண்டிருந்தது. பாதி நேரம் நிழல், பாதி நேரம் சூடு. இரண்டு தட்டிலும் ஈரம் கண் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. கால் மணி நேரத்தில் எல்லாம் ஒரே நிறம். நாற்பத்தாறு ஓடுகள். அன்றே நாட்குறிப்பில் எழுதினாள்: இரண்டு தட்டுகள் கலந்துவிட்டன, நாற்பத்தாறுக்கும் பூஜ்யம். தொப்பி சாரிடம் காட்டிக் கையெழுத்தும் வாங்கினாள். அவர் அமைச்சர் போன களைப்பில் படிக்காமலேயே போட்டார்.

மூன்றாம் நாள், அந்த நாற்பத்தாறில் ஒன்றைப் படம் வரைவதற்காக வெளிச்சத்துக்குச் சாய்த்தேன். விளக்கின் மூக்குப் பகுதி. அடியில் வட்டமும் வட்டத்துக்குள் மூன்று கோடும் அழுத்திப் பதித்திருந்தது. கீழ்வாசல்காரர்களின் குறி. அவர்கள் கொடியிலும், கடைப் பலகையிலும், வண்டிக் கண்ணாடியிலும் இருப்பது.

நான் அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

அந்தக் குறி ஏழாம் அடுக்கிலிருந்து வந்திருந்தால் கீழ்வாசல்காரர்கள்தான் ஆதி. இரண்டாம் அடுக்கிலிருந்து என்றால் அவர்கள் பின்னால் வந்தவர்கள். விளக்கை வைத்தே வயதைச் சொல்ல முடியாதா என்று யாரும் கேட்கலாம். அந்த மாதிரி விளக்கை இரண்டாயிரம் வருஷமாக அதே மண்ணில், அதே அச்சில் செய்திருக்கிறார்கள். ஒட்டியிருந்த மண்ணையாவது சோதிக்கலாம் என்றால், அதைத்தான் தேய்த்துக் கழுவியாயிற்றே. அட்டைதான் கதி. அட்டை செவ்வாய்க்கிழமையோடு செத்துவிட்டது.

விஷயம் சாயங்காலத்துக்குள் இரண்டு வாசலுக்கும் போய்விட்டது. எங்கள் அறையில் சுவருக்கு மட்டுமல்ல, ஓட்டுக்கும் காது உண்டு.

முதலில் அண்ணன். அன்றைக்கு அவள் மாடிப்படி ஏறும்போதே கீழே கூப்பிட்டு உட்காரவைத்தாராம். மறுநாள் மேசையில் குரல் மாற்றி எல்லாரையும் நடித்துக் காட்டினாள்.

"எண் போடுறது நீதானே? ஏழுன்னு போட்டுட்டுப் போயேன். யாரு கேக்கப் போறா?"

"யாரும் கேக்க மாட்டாங்கன்னா எதுக்குண்ணே எண் போடணும்?"

"எதிர்க்கேள்வி கேக்காத. ஒரே ஒரு ஏழு. கூடப் பொறந்தவன் தானமாக் கேக்குறேன்னு வச்சுக்கோ."

"தானம் குடுக்க அது என் வீட்டுப் பாத்திரமா?"

அண்ணி நடுவில் வந்தாளாம். "அது ஏழுலதான் இருந்திருக்கும். இல்லன்னா நம்ம குறி ஏன் அதுல இருக்கு?"

"இருந்திருக்கலாம் அண்ணி. எனக்கும் ஆசைதான். ஆசையை மையில தொட்டு எழுதுறதுக்கா எனக்குச் சம்பளம் தர்றாங்க?"

அவள் கணவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அதிகம் பேச மாட்டார். அன்றைக்குப் பேசியிருக்கிறார். "மச்சான், உங்க ஃப்ரிட்ஜைத் திறந்து பாக்காமலே நான் கேஸ் இருக்குன்னு சொல்லிட்டுப் போறேன்னு வைங்க. மறுநாள் பால் கெடாம இருக்குமா?"

"நீங்க டீயைக் குடிங்க மாப்பிள்ளை."

"டீயும் அந்தப் பால்லதான் போட்டது" என்று சொல்லிவிட்டுக் குடித்தாராம்.

சிரித்தோம். ஆனால் சொல்லி முடித்ததும் அக்காவின் கை நிப்பை எடுக்கவில்லை. "தம்பி, எனக்காகத் தனக்குப் பொண்ணு பாக்கப் போறதையே ரெண்டு வருஷம் தள்ளிப் போட்ட அண்ணன் அவரு" என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் மேல்வாசல் வக்கீல் வந்தார், ஆப்பிள் கூடையோடு.

"அம்மா, உங்களை மாதிரி நேர்மையானவங்க கீழ்வாசல்ல இருக்காங்களான்னு எங்க ஆளுங்க எல்லாம் ஆச்சரியப்படுறாங்க."

"அதுல ஆச்சரியப்பட என்ன இருக்கு?"

"தப்பா எடுத்துக்காதீங்க. பாராட்டாத்தான் சொல்றேன். அது ரெண்டாம் அடுக்குன்னு ஒரு வார்த்தை நீங்க சொல்லிட்டீங்கன்னா…"

"சார், ஏழுன்னு சொல்ல மாட்டேன்னுதான் சொன்னேன். ரெண்டுன்னு சொல்லுவேன்னு எப்ப சொன்னேன்?"

வக்கீலுக்கு முகம் மாறியது. "அப்ப நீங்க யார் பக்கம்?"

"நான் மேசைக்கு இந்தப் பக்கம். நீங்க அந்தப் பக்கம். தட்டுல கை வைக்காதீங்க."

கூடையை அவர் விட்டுவிட்டுப் போனார். அக்கா அதைத் தூக்கிக்கொண்டு அவர் வண்டி வரை நடந்து, பின்சீட்டில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

கடைசியாகத் தொப்பி சார். கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். என்னை வெளியே போகச் சொல்ல மறந்துவிட்டார். என்னை எல்லாரும் மறந்துவிடுவார்கள், அது ஒரு வசதி.

"மேலேருந்து அழுத்தம்மா. தேர்தல் நேரம், கீழ்வாசல்லதான் வாக்கு அதிகம், ஏழு வேணுமாம். விஞ்ஞானத்துல நிகழ்தகவுன்னு ஒண்ணு இருக்கு. நூறு சதவீதம் தெரிஞ்சாத்தான் எழுதணும்னு இல்ல."

"இதுக்கு எவ்வளவு சார் நிகழ்தகவு?"

"ம்… பாதிக்குப் பாதி."

"அப்ப பாதி ஏழு எழுதட்டுமா? மேல இருக்குற கோடு மட்டும்?"

தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். அவருக்கு வழுக்கை என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

விசாரணை என்று ஒன்று வைத்தார்கள். எங்கள் அறையிலேயேதான். மேசைகளைச் சேர்த்துப் போட்டு, மேலே துணி விரித்து, தண்ணீர் பாட்டில் வைத்தார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி. இந்தப் பக்கம் கீழ்வாசல் கமிட்டி, அவள் அண்ணன் உட்பட நான்கு பேர். அந்தப் பக்கம் மேல்வாசல் வக்கீலும் மூன்று பேரும். அமைச்சர் அலுவலகத்திலிருந்து ஒரு உதவியாளர், செல்போனைப் பார்த்துக்கொண்டு. ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது. அவளைச் சுவரோரம் நிற்கவைத்தார்கள். இருபத்திரண்டு வருஷம் அவள் உட்கார்ந்த நாற்காலியில் அந்த உதவியாளர் உட்கார்ந்திருந்தார்.

முதல் ஒரு மணி நேரம் யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கமிட்டித் தலைவர் அவர்களுடைய முன்னோர் எந்தத் திசையிலிருந்து, எத்தனை மாட்டு வண்டியில், எந்த மாதம் இங்கே வந்தார்கள் என்று நேற்றுப் பார்த்த மாதிரி சொன்னார். வக்கீல் எழுந்து, இல்லை, அதற்கு நானூறு வருஷத்துக்கு முன்பே தங்களவர் இந்தப் பாறையில் விளக்கேற்றியாயிற்று, அதுவும் தெற்குப் பக்கமாக, என்றார். அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பது ஒன்றுதான் பாக்கி. மேசையில் குத்தினார்கள். தண்ணீர் பாட்டில் ஒன்று உருண்டு விழுந்தது. ஒருவரை ஒருவர் வந்தேறி என்றார்கள்.

பிறகு அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். "இந்த ஓடு எந்தத் தட்டுல இருந்தது? நேரடியாச் சொல்லுங்க."

"தெரியாது சார்."

"இருபத்திரண்டு வருஷ அனுபவம்னு சொல்றாங்க. உத்தேசமாக்கூடத் தெரியாதா?"

"ரெண்டு தட்டையும் கவுத்து அள்ளிட்டாங்க சார். யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது."

"யார் கவுத்தது?"

அவள் கைப்பையிலிருந்து இரண்டு செய்தித்தாள் துண்டுகளை எடுத்து மேசையில் வைத்தாள். ஒரு பத்திரிகையில் அமைச்சர் உள்ளே வருகிற படம்; பின்னால் சுவரோரம் தட்டுகள். இன்னொரு பத்திரிகையில் அமைச்சர் குழியைப் பார்க்கிற படம். சுவரோரம் ஒன்றுமில்லை, மரத்தடியில் தட்டுகள். ஃபேன் காற்றில் துண்டுகள் எழும்பின. இரண்டையும் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

உதவியாளர் செல்போனிலிருந்து தலையெடுத்தார். "எங்க ஆளுங்க யாரும் எதையும் தொடலை."

"பத்திரிகைப் படத்தையெல்லாம் ஆவணமா எடுத்துக்க முடியாதும்மா" என்றார் அதிகாரி.

தொப்பி சார் தரையைப் பார்த்தார். அவர் கையெழுத்து போட்ட நாட்குறிப்பு அலமாரியில், அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அண்ணன் சன்னலைப் பார்த்தார். நான்? நான் பென்சிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அவள் வாய் திறந்தாள். கத்தவில்லை.

"ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி இங்க யாரு வந்தாங்க, எந்த வண்டியில வந்தாங்க, எந்தப் பக்கம் விளக்கு வச்சாங்க, எல்லாம் இந்த ரூம்ல எல்லாருக்கும் தெரியுது. போன வாரம் செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குத் தட்டைத் தூக்குனது யாருன்னு மட்டும் ஒருத்தருக்கும் தெரியலை. அதைக் கண்டுபிடிக்க முடியாதவங்க இதை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"



பிறகு நடந்ததுதான் இன்னும் என் வயிற்றை எரிக்கிறது. அதுவரை அடித்துக்கொண்டிருந்த இரண்டு பக்கமும் ஒன்று சேர்ந்துகொண்டது. "இந்தம்மாவுக்கு ஏத்தம் ஜாஸ்தி" என்றார் கமிட்டித் தலைவர். "ஒப்புக்கொள்கிறேன்" என்றார் வக்கீல். அந்தப் பாறை தோன்றிய நாளிலிருந்து இரண்டு வாசலும் ஒரே கருத்துக்கு வந்தது அன்றைக்கு மட்டும்தான். அண்ணன் மட்டும் எழுந்து வெளியே போனார். போகும்போது தங்கையைத் தொட்டுவிடாமல் ஒதுங்கிப் போனார்.

அந்த ஓட்டின் மேல் அவள் எல்லார் முன்னாலும் எண் எழுதினாள். குழி எண், நடுவில் பூஜ்யம், வரிசை எண். மேலே பூச்சு. காயும் வரை கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சனி, ஞாயிறு விடுமுறை; ஓட்டை ஒரு பெட்டியில் வைத்து அதிகாரி தலைமை அலுவலகத்துக்கு எடுத்துப்போயிருந்தார். திங்கட்கிழமை திரும்பி வந்த பெட்டியைத் திறந்தால் பூஜ்யம் இல்லை. நகப்பூச்சை அழிக்கிற திரவம் எந்தக் கடையிலும் கிடைக்கும். அதே இடத்தில், அதே கறுப்பு மையில், ஏழு. எங்கள் மேசையில் ஏழு எழுதினால் நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடுவது கட்டாயம், ஒன்று என்று யாரும் படித்துவிடக் கூடாது என்பதற்காக. அவள் வந்த நாளிலிருந்து எழுதிய எல்லா ஏழுக்கும் இடுப்பில் ஒரு கோடு உண்டு. இந்த ஏழு மொட்டையாக நின்றது. தலைமை அலுவலகத்தில் யாரோ எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு அது தெரியவில்லை.

"திருடுறதுக்கும் தொழில் தெரியணும்" என்றாள் அக்கா. பிறகு, "இதையும் நான்தான் எழுதினேன்னு சொல்லுவாங்க தம்பி. என் கையால வந்த எல்லா எண்ணையும் இனிமே எவனும் நம்ப மாட்டான். இருபத்திரண்டு வருஷம்." அப்போதுதான் அவள் கண் கலங்கியது. வேலையைப் பற்றியோ அண்ணனைப் பற்றியோ அவள் அழுததில்லை. அலமாரிகளில் வரிசையாக இருந்த பல்லாயிரம் ஓடுகளைப் பார்த்துத்தான் அழுதாள்.

அறிக்கை வந்தது. பணியாளரின் கவனக்குறைவால் குழப்பம் ஏற்பட்டதாகவும், நிபுணர் குழு ஆராய்ந்து ஏழாம் அடுக்கு என்று உறுதி செய்ததாகவும். நிபுணர் குழுவை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. நான் வரைந்த படத்தாளிலும் பூஜ்யத்தின் மேல் வெள்ளை பூசி ஏழு எழுதியிருந்தார்கள். விளக்கு மூக்கைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, மேலே விளக்குப் போட்டு, முற்றத்தின் மூலையில் காட்சியறை திறந்தார்கள். கீழ்வாசலில் வெடி வெடித்தார்கள். மேல்வாசலில் கடைகளை அடைத்தார்கள். மூன்று பேருக்கு மண்டை உடைந்தது; அதில் ஒருவர் பால் வாங்கப் போனவர்.

அக்கா நிரந்தரப் பணியாளர், வேலையை விட்டு எடுக்க முடியாது. மாற்றினார்கள். எங்கே தெரியுமா? காட்சியறையின் டிக்கெட் கவுண்டருக்கு. எந்தப் பொய்க்கு மாட்டேன் என்றாளோ, அந்தப் பொய்யைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சீட்டு கிழித்துக் கொடுக்கிற வேலை. யார் யோசித்தார்களோ, அந்த மூளைக்குச் சரித்திரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி தரலாம்.

அவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். மேசையில் அவள் பேச ஆளில்லை, நான் ஒருவன்தான். கவுண்டரில் நாள் முழுக்க ஆள்.

"விளக்கு எங்கம்மா இருக்கு?"

"நேராப் போய் இடது பக்கம். கீழே ஏழாம் அடுக்குன்னு போட்டிருக்கும். அந்த எண் நான் எழுதினது இல்ல. அது எந்த அடுக்குன்னு யாருக்கும் தெரியாது. உள்ள போய்ப் பாருங்க, நல்லாத்தான் இருக்கும்."

ஒவ்வொருவரிடமும், அதே வார்த்தைகளில். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடமும், அவர்களைக் கூட்டிவந்த டீச்சரிடமும். டீச்சர் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வேகமாகப் போவார். பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒரு மாதம் கழித்து அண்ணன் வந்தார். வெளியூரிலிருந்து வந்த கமிட்டிக்காரர்களைச் சுற்றிக்காட்ட அழைத்து வந்திருந்தார். எல்லாரும் வெள்ளை வேட்டி, தோளில் அந்தக் குறி பதித்த துண்டு. அன்றைக்குக் கவுண்டருக்குப் பின்னால் நின்று அவளுக்குச் சாப்பாட்டு டப்பா கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் கண்ணாடி ஓட்டைக்குள் குனிந்தார். "இன்னைக்கு ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இரு. பெரியவங்க வந்திருக்காங்க."

"எத்தனை டிக்கெட் அண்ணே?"

"சொல்றது காதுல விழுதா?"

"விழுது." அவருக்குப் பின்னால் நின்ற பெரியவரைப் பார்த்து, "ஐயா, உள்ள ஏழாம் அடுக்குன்னு போட்டிருக்கும். அந்த எண் நான் எழுதினது இல்ல. அது எந்த அடுக்குன்னு…"

"நீ என் தங்கச்சியே இல்ல!" அண்ணனின் குரல் உடைந்துவிட்டது. கோபம் பாதி, மீதி என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

அவள் டிக்கெட் கட்டைக் கையில் எடுத்தாள். "சரிண்ணே. உங்களையும் சேத்து எத்தனை?"

அன்று மாலையே புகார் போனது. மறுவாரம் அவள் கையில் ஒரு குறிப்பாணை. கவுண்டரில் பணிபுரியும்போது நுழைவுச்சீட்டு தொடர்பானவை தவிர வேறு எதையும் பார்வையாளர்களிடம் பேசக் கூடாது. மீறினால் ஒழுங்கு நடவடிக்கை. அக்கா அதை இரண்டு முறை படித்தாள். அதன் பின்பக்கத்திலேயே, நிப்பால் எழுதிப் பழகிய அந்தக் குண்டு எழுத்தில் பதில் எழுதினாள்: "காட்சிப் பெட்டியில் உள்ள ஓட்டின் மேல் நான் எழுதிய எண்ணைத் திரும்ப எழுதுங்கள். அன்றிலிருந்து பேச மாட்டேன்." அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை போட்டால்தான் போவேன் என்று முக்கால் மணி நேரம் நின்று வாங்கி வந்தாள்.

அதற்கு இன்றுவரை பதில் இல்லை. நடவடிக்கையும் இல்லை. கீழ்வீட்டில் அண்ணி மாடிப்படி விளக்கை அணைத்து வைக்கிறாளாம். தொழுகைக்குப் போனால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெண்கள் நகர்ந்து உட்காருகிறார்கள். அவள் போவதை நிறுத்தவில்லை. "பாறை எனக்கு என்ன பண்ணுச்சு?" என்றாள்.

நேற்று ஒருவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டுக் கவுண்டருக்குத் திரும்பி வந்தார். கண்ணாடி போட்ட, பொறுமையான மனிதர். "நீங்க சொன்னது சரிதாம்மா. உள்ள காவலுக்கு நிக்கிறவரும் அது பொய்னுதான் சொன்னாரு."

அக்காவின் முகம் மலர்ந்தது. ஒரு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு ஆள் அவள் பேச்சுக்குத் துணை நின்றிருக்கிறான். "அப்படியா சொன்னான்?"

"ஆமாம்மா. அது ஏழு இல்லையாம், இரண்டாம் அடுக்காம். அவருக்கு நல்லாத் தெரியுமாம்."

காவலாளி மேல்வாசல்காரன். தட்டுகள் கலந்த அன்றைக்கு எங்களோடு வாசலில் வரிசையில் நின்றவன்.

அக்கா 'சற்று நேரத்தில் வருகிறேன்' பலகையைக் கண்ணாடியில் சாய்த்து வைத்துவிட்டு, வரிசையில் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருக்கக் காட்சியறைக்குள் வேகமாக நடந்தாள். அவள் குரல் வெளியே வரை கேட்டது.

"டேய், ரெண்டுன்னு உனக்கு யாருடா சொன்னது?"